ஏழாவது காவலாளி

எஸ்கேப் விசையை அழுத்தியதும் திரையில் எல்லாம் உறைந்தது. தீவட்டியின் சுடர் பாதி எழும்பிய நிலையில் நின்றது. கிடங்கு வாசலில் காலைத் தூக்கிய காவலாளி தூக்கிய காலோடு நின்றான். துறைமுகச் சுவரில் மோதிக்கொண்டிருந்த அலையின் ஓசை ஹெட்போனுக்குள் கத்தரித்துவிட்டதுபோல் அறுந்தது.

நடை மட்டும் நிற்கவில்லை.

தப். தப். தப். தப்.

வெறுங்கால் சிமெண்டுத் தரையில் பதிந்து எழும் மெத்தென்ற ஓசை. நான்கு எட்டு. பிறகு அதுவும் நின்றது.

தணிகைவேல் மவுஸிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தான். மறுபடி கேட்கவில்லை. "சவுண்டு டிரைவரு" என்று வாய்விட்டுச் சொன்னான். தன் குரல் தனக்கே கேட்காமல், தாடையில் ஓர் அதிர்வாக மட்டும் வந்து போனது.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பு, உருளைகளுக்கு நடுவே புகுந்து புறப்படும் அந்த இரைச்சல் அவன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முதலில் கொசுவின் ரீங்காரம் போயிற்று. அப்புறம் மழை. அப்புறம் குக்கர் விசில். இப்போது எதிரில் நிற்பவர் உரக்கப் பேசி, அவர் உதடும் தெரிந்தால் முக்கால்வாசி புரியும். முதுகுக்குப் பின்னால் நடக்கும் எதுவும் அவனுக்கு இல்லை. மில்லில் இது யாருக்கும் தெரியாது. கிரேன் சைரன் கேட்காதவனை ஒரு நாளும் உள்ளே விடமாட்டார்கள்.

அதனால்தான் இந்த விளையாட்டு அவனை அப்படிப் பிடித்துக்கொண்டது. 'கிரே ஹார்பர்' என்று பெயர், மூன்று பாகம். பழைய துறைமுக நகரம் ஒன்றில் ஆள் காவல் உள்ள கிடங்குகளுக்குள் நுழைய வேண்டும். இருட்டில் ஒதுங்கி, விளக்குகளை அணைத்து, காவலாளியின் முதுகுக்குப் பின்னால் அவன் எட்டோடு எட்டு வைத்து நடந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். சண்டை கிடையாது. காதுதான் ஆயுதம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை முழுதாக ஏற்றினால், பூட்ஸ் கால் பலகையில் நடப்பதும் கல்லில் நடப்பதும் தண்ணீரில் இறங்குவதும் தனித்தனியாகக் கேட்டன. வலப்பக்கம் ஒருவன் இருமினால் வலக்காதில் இருமினான். உலையில் போட்டுவிட்டு வந்த காது இங்கே திரும்பக் கிடைத்தது.

மனைவி ஈஸ்வரி பிரசவத்துக்குத் திருவாலங்காட்டில் அம்மா வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. அவனுக்கு இரவு ஷிப்டு. காலையில் வந்து தூங்கி, மதியம் எழுந்து, மாலை வரை இதுதான். பகலில் தூங்குவதற்காக எல்லா ஜன்னலிலும் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டியிருந்தான். சிப்காட்டுக்குப் பின்னால், மனை போட்டு விற்ற இடத்தில் தள்ளித்தள்ளி நின்ற நான்கு வீடுகளில் அது ஒன்று. கூடத்தைத் தாண்டினால் சமையலறை, சமையலறையைத் தாண்டினால் கம்ப்யூட்டர் இருக்கும் படுக்கையறை. பின்வாசல் கிடையாது. அந்த அட்டைகளுக்குப் பின்னால், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் வீடு கிணற்றுக்குள் இருப்பதுபோல்தான் இருக்கும். பத்தாததற்கு பல்பு வேறு. சமையலறை பல்பு இந்த மாதம் மூன்று முறை எரியாமல் போய்விட்டது. ஏறிப் பார்த்தால் பல்பு நன்றாகத்தான் இருந்தது. ஹோல்டரில் பாதி கழன்று தொங்கியது. மில் லாரிகள் போகும் அதிர்வு என்று நினைத்துத் திரும்பவும் திருகிவைத்தான்.

முதல் பாகம் அவன் கம்ப்யூட்டரில் ஓடவே மறுத்தது. ஓடினால் காவலாளிகள் பைத்தியம் பிடித்தவர்கள்போல் மூன்று மடங்கு வேகத்தில் ஓடினார்கள். இரண்டாவது பாகம் சரியாகப் பாலத்தைக் கடக்கும்போது நீலத் திரையாகி உட்கார்ந்துவிடும். மூன்றாவதில் நிழல்கள் கட்டம் கட்டமாக உடைந்தன, சேமித்த ஆட்டம் திறக்காமல் போயிற்று. ஒவ்வொன்றையும் இண்டர்நெட்டில் தேடி, யார் யாரோ எழுதிவைத்ததைப் படித்து, இரண்டு நாள் மூன்று நாள் போராடிச் சரிசெய்திருக்கிறான். அந்தப் போராட்டமே ஒரு சுகமாக இருந்தது. மெஷினில் கோளாறு என்றால் அதற்கு ஒரு திருகாணி எங்கேயோ இருக்கும்.

இந்த நடைக்கு அப்படி எந்தத் திருகாணியும் அகப்படவில்லை.

விளையாட்டில் இப்போது அவன் ஆடும் கட்டத்தில் ஆறு காவலாளிகள். அவன் எண்ணியிருக்கிறான், ஒவ்வொருவனின் நடையும் அவனுக்கு மனப்பாடம். ஆறு பேரும் பூட்ஸ் போட்டவர்கள். ஏழாவது நடைக்குச் செருப்புகூட இல்லை. மற்றவர்களின் சத்தம் இடமிருந்து வலம் நகரும். இது இரண்டு காதிலும் ஒரே அளவாக, நடுமண்டையிலிருந்து வருவதுபோல் கேட்டது. அவன் வேகமாக விசைகளைத் தட்டும்போது இல்லை. ஒரு மூலையில் ஒளிந்து, அசையாமல் காத்திருக்கும்போது வந்தது. டிரைவரை மாற்றினான். விளையாட்டை அழித்துத் திரும்பப் போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து விண்டோஸையே துடைத்துப் புதிதாகப் போட்டான். எல்லாம் முடித்து ஹெட்போனை மாட்டிய ஐந்தாவது நிமிஷம்: தப். தப்.

அப்போதுதான் பயம் வந்தது. பேயைப் பற்றிய பயம் இல்லை. சென்னையில் காது டாக்டர் போன வருடம் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியிருந்தார்: நரம்பு முழுதாகப் போகிற கட்டத்தில், இல்லாத சத்தங்கள் கேட்கத் தொடங்கலாம். அது தொடங்கிவிட்டதா? அப்படியானால் மிச்சமிருப்பதும் போய்விடும். பாப்பா பிறந்து மூன்று மாதம். ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கியபோது அந்தச் சின்ன வாய் திறந்து திறந்து மூடியதைப் பார்த்தானே தவிர, அழுகை கேட்கவில்லை. ஈஸ்வரியிடம் அதைச் சொல்லவும் இல்லை. இன்று மாலை அவள் குழந்தையோடு வருகிறாள். அதற்குள் யாராவது ஒருவர் வந்து, இந்தச் சத்தம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, உன் தலைக்குள் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

பொன்னேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரிஜ்வானுக்கு நான்கு நாளாக எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு அவன் வந்தான். பழவேற்காட்டுக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி கூடத்தையும் சமையலறையையும் கடந்து உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னாண்ணே, ஊட்ட தியேட்டர் மாரி வச்சிக்கினு இருக்கீங்க?" என்று உரக்கக் கேட்டான்.

"நைட் ஷிப்ட்டுப்பா. பகல்ல தூங்கணும்ல."

ரிஜ்வான் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஆட்டத்தை நிறுத்திவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தணிகைவேல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ரிஜ்வானின் புருவம் மெல்ல ஏறியது.

"கேக்குதுண்ணே. யாரோ நடக்குறாங்க."

தணிகைவேல் சுவரைப் பிடித்துக்கொண்டான். அழுகை வந்துவிடும்போல் இருந்தது. "உனக்குக் கேக்குதா? நெஜமாவா? அப்ப என் காது இல்ல?"

"உங்க காதுக்கு இன்னாண்ணே? நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லிக்கொண்டே ரிஜ்வான் திரையின் மூலையில் இருந்த சத்தக் குறியை இரண்டு தடவை தட்டினான். வரிசையாகக் கட்டைகள் விரிந்தன. ஒன்றைக் காட்டிச் சிரித்தான். "இங்க பாருங்க. இதுக்குப் போயி விண்டோஸ் எல்லாம் தொடச்சீங்களா? பேஜாரு புடிச்ச வேல."

ஹெட்போனைக் கழற்றித் தணிகைவேலின் தலையில் மாட்டினான். வாய்க்கு முன்னால் நீண்டிருந்த மைக்கை விரல் நுனியால் சுண்டினான். இரண்டு காதிலும் இடி விழுந்ததுபோல் கேட்டது. பிறகு திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டுவிட்டு மறுபடி சுண்டினான். ஒன்றுமில்லை.

ஹெட்போனைச் சற்று விலக்கி, முகத்துக்கு நேராக நிதானமாகச் சொன்னான். "கேம்ல ஒண்ணும் இல்லண்ணே. இந்த மைக் வச்ச ஹெட்போன் புதுசு வாங்குனீங்கல்ல? மைக் ஆன்லயே இருக்குது, பூஸ்ட்டு வேற ஃபுல்லா வச்சிருக்கு. ஊட்டுக்குள்ள இருக்குற சத்தம் பூரா மைக் வழியா உங்க காதுக்கே வருது. அவ்ளோதான். டிக் போட்டுட்டேன், இனிமே வராது."

தணிகைவேல் சிரித்தான். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. திருகாணி கிடைத்துவிட்டது. ரிஜ்வான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். கதவருகே போனவன் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். சமையலறையைக் கடந்தான், கூடத்தைக் கடந்தான். வாசல் கதவு திறந்து ஒரு கீற்று வெயில் உள்ளே விழுந்து, மறுபடி அடைத்துக்கொண்டது.

தணிகைவேலுக்கு எப்போதுமே உதடு நின்ற பிறகுதான் சொற்கள் வந்து சேரும். ஒவ்வொன்றாக வந்தன.

"அக்காவ டீ கீ எதுவும் போட வேணாம்னு சொல்லுங்கண்ணே, நான் நோன்பு. வந்ததுலேர்ந்து அங்கியும் இங்கியும் நடந்துகினே இருக்காங்க. உள்ள வர்றப்பகூட என்னப் பாத்துட்டு கதவுக்குப் பின்னாடி ஒதுங்குனாங்க."

சிரிப்பு அவன் முகத்திலேயே நின்றது. கன்னம் வலித்தது.

சமையலறைக் கதவு பாதி சாத்தியபடி இருந்தது. அதற்குப் பின்னால் இருட்டு. பல்பு எரியவில்லை. காலையில் அவனே ஏறித் திருகிவைத்த பல்பு.

ஓடியிருக்கலாம். வாசல்வரை எட்டுத் தப்படிதான். ஆனால் அந்த எட்டில் நான்காவது, அந்தக் கதவை உரசிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவன் கண்ணை எடுக்காமல், பின்னால் கையைத் துழாவி, நாற்காலியில் உட்கார்ந்தான். செல்போனை எடுத்தான். கட்டைவிரல் திரும்பத் திரும்பத் தவறான எழுத்துகளில் விழுந்தது. ஈஸ்வரிக்கு அனுப்பினான்: இன்று வர வேண்டாம், ஊருக்கே திரும்பிப் போ.

பதில் உடனே வந்தது. "மீஞ்சூர் தாண்டிடுச்சு மாமா. தம்பி மணவாளன் சென்ட்ரல்ல ஏத்திவுட்டுட்டு வேலைக்குப் போய்ட்டான். இன்னா ஆச்சு? பாப்பா தூங்குது. சாவி என்கிட்ட இருக்கு, நீங்க தூங்கறதா இருந்தா தூங்குங்க."

சாவி அவளிடம் இருக்கிறது. அவளே திறந்துகொண்டு வருவாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலிலிருந்து இந்த இருட்டுக்குள், கண் பழகுவதற்கு முன்பே நான்கு எட்டு உள்ளே வந்துவிடுவாள். இவனுக்குக் கேட்காது.

வராதே, வராதே என்று மறுபடி தட்டினான். அனுப்ப முடியவில்லை என்று வந்தது. மறுபடி. மறுபடி. சிக்னல் இல்லை.

அவன் திரையைப் பார்த்தான். ரிஜ்வான் போட்ட டிக். அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்த அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. எடுத்தான்.

வீடு காதுக்குள் வந்தது.

முதலில் ஒரு 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். அதற்குள்ளே கம்ப்யூட்டரின் மின்விசிறி. நாற்காலியின் முனகல், இத்தனை நாளும் விளையாட்டில் மரக்கதவு முனகுகிறது என்று நினைத்தது இதைத்தான். பிறகு தன் மூச்சு. அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. இடையில் ஒரு தடவை மூச்சை நிறுத்திப் பார்த்தான்.

மூச்சு நிற்கவில்லை.

அவன் சட்டென்று நாற்காலியைத் திருப்பினான். அறை காலியாக இருந்தது. அலமாரி, கட்டில், கட்டிலுக்குக் கீழே ஈஸ்வரியின் பழைய டிரங்குப் பெட்டி, பாதி திறந்த சமையலறைக் கதவு. காதில் இப்போது எதுவும் இல்லை. திரையின் பக்கம் திரும்பினான். பத்து எண்ணும் நேரம்.

தப்.

திரும்பினால் நிற்கிறது. திரும்பாவிட்டால் நடக்கிறது. தணிகைவேலுக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும். எத்தனை நூறு தடவை செய்திருக்கிறான். விளக்கை அணைப்பது. கதவுக்குப் பின்னால் ஒதுங்குவது. காவலாளி பாரா போகும் வழியை நாள் கணக்கில் பார்த்துப் படிப்பது. அவன் முதுகு திரும்பியதும், அவன் எட்டில் எட்டு வைத்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் கூடவே நடப்பது. இந்த வீட்டில் அந்தக் காது கேளாத காவலாளி அவன்தான். ஆறு மாதமாக. அவன் பல் துலக்கும்போது. அவன் சோறு வடிக்கும்போது. அவன் தூங்கும்போது.

ஆனால் ஒரு காவலாளியின் பின்னால் யாரும் சும்மா அலைய மாட்டார்கள். எடுப்பதற்கு ஒரு பொருள் வேண்டும். இந்த வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது? ஆறு மாதம் காத்திருக்கும் அளவுக்கு?

அப்போது மின்சாரம் போயிற்று.

நான்கு மணி. தினமும் போகிற நேரம்தான். கூரை மின்விசிறி தயங்கி நின்றது. யு.பி.எஸ். பிடித்துக்கொண்டதால் திரை மட்டும் எரிந்தது. பத்து விநாடிக்கு ஒரு முறை யு.பி.எஸ். கத்துவது மைக் வழியாக அவன் காதுக்கு வந்தது. பத்து நிமிஷம் தாங்கும். அதற்குப் பிறகு திரையும் போய்விடும், காதும் போய்விடும். இந்த இருட்டில், கூடவே இருக்கும் அதனோடு, ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எழுந்திரு என்று தன்னிடம் சொன்னான். கால் அசையவில்லை. ஹெட்போனைக் கழற்ற முடியவில்லை. கழற்றினால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. மாட்டிக்கொண்டே போகலாமென்றால் ஒயர் நான்கு முழம்தான்.

பீப்.

தப். தப். சமையலறை.

பீப்.

தப். இப்போது கனமாக. கதவைத் தாண்டிவிட்டது. கட்டிலின் கால் மெல்ல இழுபடும் ஓசை. திரையின் வெளிச்சம் அவன் முழங்காலில் மட்டும் விழுந்தது. அறையில் ஈர மண்ணும் பழந்துணியும் கலந்த ஒரு வாடை. எலி செத்திருக்கும் என்று இரண்டு வாரமாக அவன் தேடிய அதே வாடை.

பீப். பீப். இடைவெளி குறைந்தது.

தப்.

நாற்காலிக்கு நேர் பின்னால்.

மூச்சு. பிடரி மயிரில் அல்ல, காதுக்குள். பொறுமையான, நீளமான மூச்சு. அவசரமே இல்லாதது. தணிகைவேல் கண்களை இறுக மூடிக்கொண்டான். அழுதான். அழுவதும் அவனுக்குக் கேட்டது.

அப்போது, வெகு தூரத்திலிருந்து, 'ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்கு அடியிலிருந்து, மெல்லிய நூல்போல் வேறொரு சத்தம் வந்தது. விட்டுவிட்டு வந்தது. உடைந்து, ஏறி, இறங்கி. அவனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. இந்தக் குரலை அவன் இதுவரை கேட்டதே இல்லை. கேட் கொண்டி தட்டும் ஓசை. அதன் பிறகு அந்த நூல் கொஞ்சம் தடித்தது.

குழந்தை அழுகிறது.

அவனுடைய குழந்தை.

பின்னால் இருந்த மூச்சு நின்றது. பிறகு நடை. அதுவரை ஒரு நாளும் கேட்காத வேகத்தில். தப் தப் தப் தப். வாசலைப் பார்த்து.

தணிகைவேல் எழுந்து ஓடினான். ஹெட்போன் ஒயர் இழுத்துப் பிடுங்கிக்கொண்டு எங்கோ விழுந்தது, உலகம் ஊமையாயிற்று. சமையலறைக் கதவில் தோள் மோதியது. பாத்திரங்கள் சரிந்து காலில் விழுந்தன, சத்தமே இல்லாமல். கூடம். இருட்டு. முன்னால் ஏதோ இருக்கிறதா என்று தெரியவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, வாய் திறந்து ஏதோ கத்திக்கொண்டு ஓடினான். வாசல் கதவு திறந்தது. வெயில் கண்ணில் அடித்தது. வெயிலுக்கு நடுவே ஈஸ்வரி, இடது தோளில் குழந்தை, வலது கையில் சாவி. ஒரு காலை உள்ளே எடுத்து வைத்திருந்தாள்.

அவளை அப்படியே தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தான். கதவை இழுத்துச் சாத்தினான். அவள் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, இரண்டு சுற்றுப் பூட்டினான்.

வெளியே செப்டம்பர் மாத வெயில். எதிர் மனையில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கூட்டிவந்த ஆட்டோக்காரர் பையை இறக்கிக்கொண்டே வாயைப் பிளந்து பார்த்தார்.

ஈஸ்வரி வலது கையால் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "இன்னா மாமா? இன்னா ஆச்சு? ஏன் இப்பிடிக் கத்திக்கினு ஓடியாறீங்க?"

"உள்ள யாரையாச்சும் பாத்தியா? எனக்கு முன்னால?"

"யாரு இருக்கா? நீங்க மட்டுந்தான் ஓடியாந்தீங்க."

"இந்த ஊடு வேணாம் ஈஸ்வரி. ஒரு நிமிஷங்கூட வேணாம். ஏன்னு கேக்காத. உன் காலப் புடிச்சிக் கேக்கறன்."

அவள் பூட்டிய கதவைப் பார்த்தாள். அவன் சட்டை முழுக்க நனைந்திருந்ததைப் பார்த்தாள். ஈஸ்வரி எதையும் நீட்டி முழக்குகிறவள் அல்ல. "சரி. எங்கம்மா ஊட்டுக்கே போலாம்" என்றாள். ஆட்டோக்காரரைப் பார்த்து, "பையத் திரும்ப ஏத்துண்ணா, ஸ்டேஷனுக்குப் போவணும்" என்றாள்.

சென்னை போகும் ரயில் காலியாக இருந்தது. வேலை முடிந்த கூட்டம் எதிர்த்திசையில் வருகிற நேரம். ஜன்னலோரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பெட்டியில் அவர்களைத் தவிர, கூடை வைத்திருந்த நான்கு பேர். ரயில் நகர்ந்து காற்று முகத்தில் பட்ட பிறகுதான் அவன் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தான். மில் புகைக்கூண்டுகள் பின்னால் போயின. கூடைக்காரர்கள் கவரைப்பேட்டையில் இறங்கினார்கள்.

"ஈஸ்வரி, எனக்குக் காது கேக்கல. ரொம்ப நாளா" என்றான்.

அவள் அவன் முழங்காலில் கை வைத்தாள். உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "தெரியும் மாமா. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவன் சிரிக்க முயன்றான். வயல்கள் மஞ்சள் வெயிலில் ஓடின. நாளைக்கே வேறு வீடு பார்க்கலாம். மில்லில் உண்மையைச் சொல்லிவிட்டு, ஸ்டோர் ரூமில் ஏதாவது வேலை கேட்கலாம். காதுக்கு மெஷின் வாங்கலாம். குழந்தையின் அழுகையை ஒரு தடவை கேட்டாயிற்று. அது போதும், அதை வைத்துக்கொண்டே பிழைத்துவிடலாம் என்று தோன்றியது.

குழந்தை விழித்துக்கொண்டாள். வாய் திறந்தது, முகம் சிவந்தது. ஈஸ்வரி தோளில் போட்டுத் தட்டினாள், மடியில் போட்டு ஆட்டினாள். அடங்கவில்லை. அவன் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அதற்குள் ஈஸ்வரி தலையை நிமிர்த்தினாள். அவள் பார்வை அவன் தோளுக்கு மேலே போயிற்று. பேச்சுக் கொடுக்கும் புது மனிதரைப் பார்க்கிறவள்போல் லேசாகச் சிரித்தாள்.

அவள் உதடு அசைந்தது. "பொண்ணு."

கொஞ்சம் நிறுத்தினாள். கேட்டாள். "மூணு மாசம் ஆவுது."

மறுபடி கேட்டாள். அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி பின்னால் பார்த்தாள். "ஆமா. அவருக்குக் கேக்காது."

தணிகைவேலின் முதுகு மரத்துப்போயிற்று. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். குரல் வந்ததா வரவில்லையா, அவனுக்குத் தெரியவில்லை. சொற்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்துவிடும். அவனுக்கு எப்போதும் அப்படித்தான்.

ஈஸ்வரி பாதி எழுந்தாள். குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி, அவன் தலைக்கு மேலே, இருக்கையின் முதுகைத் தாண்டி நீட்டினாள். "இந்தாங்க. கொஞ்ச நேரம் வச்சிக்கோங்க."

சின்னப் பாதம் ஒன்று அவன் காதை உரசிக்கொண்டு பின்னால் போயிற்று. வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் திரும்பினான்.

வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். பெட்டியின் கடைசி வரை யாரும் இல்லை. கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கமாக ஆடின. திறந்த கதவு வழியாக வயல்கள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன.

எதிரில் ஈஸ்வரி வெறுங்கையோடு உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்தபடி, அந்தக் காலி இருக்கைகளைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.